தோல் கறுத்த வாழைப்பழமா... தூக்கிப் போடாதீங்க! வீட்டிலேயே பனானா பிரெட் செய்ய ஒரு முழுமையான கைடு

ஆசையாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருவோம். முதல் இரண்டு நாள் ஆளுக்கு ஒன்று காலியாகும். மூன்றாவது நாள் யாரும் சீந்த மாட்டார்கள். ஐந்தாவது நாள் தோலில் கறுப்புப் புள்ளி. ஆறாவது நாள் பாதித் தோல் கறுப்பு. ஏழாவது நாள் குப்பைத்தொட்டி. ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி, குடும்பத்தோடு இருப்பவராக இருந்தாலும் சரி, பல வீடுகளில் வாழைப்பழத்தின் கதை இதுதான்.

அந்த ஆறாவது நாள் பழத்துக்காகவே இருக்கிறது பனானா பிரெட். ஓவன் இருந்தால் நல்லது, இல்லையென்றால் குக்கரே போதும். பீட்டர் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம், க்ரீம் வேண்டாம். பேக்கிங்கில் ஏபிசிடி தெரியாதவர்கள்கூட தைரியமாக இறங்கலாம்.

ஆனாலும் பலருக்கு முதல் தடவை சொதப்பிவிடுகிறது. `ரெசிப்பியில் இருந்ததைத்தானே போட்டேன், ஏன் களி மாதிரி வந்தது?' என்று குழம்புகிறார்கள். நெட்டில் நூறு ரெசிப்பி இருந்தாலும் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நன்றாக வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. பழம் கறுக்கும் வரை காத்திருந்தீர்களா? மாவைக் கொட்டிய பிறகு, அளவுக்கு மேல் கிண்டாமல் கையைக் கட்டுப்படுத்தினீர்களா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் மீதியெல்லாம் ஈஸி.

பேர்தான் பிரெட்... ஆள் கேக்!

டீக்கடையில் ஜாம் தடவிக் கொடுக்கும் பிரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த பிரெட் ஈஸ்ட்டால் மெதுவாகப் புளித்து உப்புவது. பனானா பிரெட்டை உப்ப வைப்பது சமையல் சோடா. பிரெட் சுடும் நீளமான டின்னில் ஊற்றிச் சுடுவதாலும், ஸ்லைஸ் போட்டுச் சாப்பிடுவதாலும் பிரெட் என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. சோடாவும் பேக்கிங் பவுடரும் அங்கே வீட்டுச் சமையலறைகளில் சாதாரணமாகிவிட்ட 1930-களில், பனானா பிரெட் சமையல் புத்தகங்களில் பரவலாக வரத் தொடங்கியது. 1933-ல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் வெளியிட்ட சமையல் புத்தகத்திலும் இடம்பிடித்தது. அமெரிக்காவில் கடுமையான பொருளாதார மந்தநிலை நிலவிய காலம் அது. கறுத்துப்போன பழத்தைக்கூட வீணாக்க மனசு வராத நாள்கள். 2020 லாக்டௌனில் கடைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்திருந்தபோது, உலகம் முழுக்க இதே பனானா பிரெட் மறுபடியும் சோஷியல் மீடியாவை நிறைத்தது. இரண்டு காலத்திலும் இருந்த லாஜிக் ஒன்றுதான்: இருப்பதை வைத்துச் செய்.

இந்த லாஜிக் நம்ம பக்கத்துக்கும் புதுசு இல்லை. கனிந்த பழத்தை மாவில் பிசைந்து அப்பம் சுடுவது நமக்குப் பழக்கம்தானே? பக்கத்து மாநிலத்தில் மங்களூரு பன்ஸ் செய்வார்கள். கனிந்த வாழைப்பழம், மைதா, தயிர், சோடா சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் பூரி போலப் பொரித்து எடுப்பார்கள். அதையே கொஞ்சம் தளர்வாகக் கலக்கி, முட்டையும் எண்ணெயும் சேர்த்து ஓவனில் வைத்தால் கிட்டத்தட்ட பனானா பிரெட்தான்.

எவ்வளவு கறுத்தால் சரி?

காயாக இருக்கும்போது வாழையில் மாவுச்சத்துதான் அதிகம். பழுக்கப் பழுக்க பழத்தில் உள்ள என்சைம்கள் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. தோல் முழுக்கக் கறுப்புப் புள்ளி பரவும்போது மாவுச்சத்து மிகவும் குறைந்து, பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். கூடவே வாசனையும் கூடும், சதையும் குழைந்துவிடும். பனானா பிரெட்டுக்கு வேண்டிய இனிப்பு, மணம், ஈரம் மூன்றும் ஒன்றாகச் சேரும் நேரம் அதுதான்.

பளபளவென மஞ்சளாக இருக்கும் பழத்தை மசித்துப் போட்டால் என்ன ஆகும்? பிரெட் வரும், ஆனால் வாழைப்பழ வாசனை வராது. எசென்ஸ் ஊற்றினாலும் அந்த ருசி கிடைக்காது.

அதனால் தோலில் பாதிக்கு மேல் கறுத்து, கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும் பழமே சரி. முழுசாகக் கறுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம், உரித்துப் பாருங்கள். உள்ளே வெளிர் மஞ்சளாகவோ லேசான பழுப்பாகவோ இருந்து, இனிப்பான வாசனை வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பூஞ்சை படிந்திருந்தாலோ, தோல் வெடித்துத் தண்ணீர் கசிந்தாலோ, கள் மாதிரி புளித்த நெடி அடித்தாலோ யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். கறுத்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு.

அவசரத்துக்கு ஒரு வழி: பழம் தானாக எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுத்தான் பழுக்கிறது. பேப்பர் கவரில் வாழைப்பழத்தோடு ஓர் ஆப்பிளையோ நன்கு பழுத்த தக்காளியையோ போட்டு மூடி வைத்தால், அந்த வாயு உள்ளேயே தங்கி சீக்கிரம் கனியும்.

இதில் ஏமாறாதீங்க: ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் சீக்கிரமே கறுத்துவிடும். ஆனால் குளிரில் உள்ளே பழுப்பது அநேகமாக நின்றுபோயிருக்கும். வெளியில் கறுப்பு, உள்ளே அரைப்பழம். எனவே முதலில் வெளியிலேயே கனிய விடுங்கள். பிறகு தோலை உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதங்கள் வரை தாங்கும். வாரம் ஒன்றிரண்டு பழமாகச் சேர்த்து, போதுமான அளவு வந்ததும் பேக் செய்யலாம். குளிர் விட்ட பிறகு பழத்திலிருந்து வடியும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் சேர்த்து மசியுங்கள்.

எந்தப் பழம் பெஸ்ட்?

வெளிநாட்டு ரெசிப்பிகளில் `3 வாழைப்பழம்' என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பெரும்பாலும் கிடைப்பது கேவண்டிஷ் என்ற ஒரே வகை. ஆனால் வாழை உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. வாழைக்கென்றே திருச்சியில் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம்ம தெருமுனைப் பழக்கடையிலேயே நான்கைந்து வகை தொங்கும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். தோல் நீக்கிய பழம் 300 கிராம், மசித்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கப். இதுதான் கணக்கு.

பச்சைப் பழம்: ரொபஸ்டா, மோரிஸ் என்றெல்லாம் ஊருக்கு ஊர் பேர் மாறும். இதுவும் கேவண்டிஷ் குடும்பம்தான் என்பதால் ரெசிப்பிக்கு அச்சு அசலாகப் பொருந்தும். மூன்று பழம் போதும். முதல் தடவை செய்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

பூவன்: லேசான புளிப்பு உண்டு. சோடாவுக்குப் புளிப்பு தேவை என்பதால் நன்றாகவே ஒத்துப்போகும். சின்னப் பழம், ஐந்தாறு தேவைப்படும்.

கற்பூரவள்ளி: நல்ல இனிப்பு. சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்துவிடலாம்.

ரஸ்தாளி: மணம் பிரமாதம். ஆனால் சில பழங்களின் நடுவே கல் போலக் கட்டி இருக்கும், அது மசியாது. கையால் பிசைந்து, கட்டியைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

ஏலக்கி: மணமும் இனிப்பும் உள்ள குட்டிப் பழம். எட்டுப் பழமாவது வேண்டியிருக்கும்.

நேந்திரன்: இறுக்கமான சதை. தோல் முழுக்கக் கறுத்த பிறகு, ஆவியில் வேகவைத்து மசித்தால் மட்டுமே செட் ஆகும்.

செவ்வாழை, மலைப்பழம்: விலை கொடுத்து வாங்கிய இவற்றை மசித்து ஓவனில் வைப்பதைவிட அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை!

தேவையானவை

(10 ஸ்லைஸ் வரும்)

நன்கு கனிந்த வாழைப்பழம் - 300 கிராம் (தோல் நீக்கியது)
மைதா - 190 கிராம் (ஒன்றரை கப்)
நாட்டுச் சர்க்கரை அல்லது சாதாரண சர்க்கரை - 100 கிராம் (அரை கப்)
வாசனையில்லாத எண்ணெய் - 80 மி.லி (கப்பில் மூன்றில் ஒரு பங்கு)
முட்டை - 2
கெட்டித் தயிர் - கால் கப்
சமையல் சோடா - ஒரு டீஸ்பூன் (தலை தட்டி)
உப்பு - கால் டீஸ்பூன்
ஏலக்காய்த்தூள் அல்லது பட்டைத்தூள் - அரை டீஸ்பூன்
உடைத்த முந்திரி அல்லது வால்நட் - 50 கிராம் (விருப்பப்பட்டால்)

இங்கே கப் என்பது 240 மி.லி கொள்ளும் அளவுக் கப். காபி டம்ளர் இல்லை! வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு சைஸ். கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 30 கிராம்கூட கூடுதலாக வந்துவிடும். பிரெட் கல்லாக இருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஸ்பூனால் மாவை எடுத்துக் கப்பில் தூவி நிரப்பி, மேலே தட்டையாக வழித்துவிடுங்கள். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

சோடாவைக் கும்பாரமாக அள்ளிப் போட்டால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு வரும். டப்பா பழசாக இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் சோடா உயிரோடு இருக்கிறது. நுரைக்கவில்லையா? புதுசு வாங்கிவிடுங்கள்.

செய்வது எப்படி?

1. ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடங்கள் சூடுபடுத்துங்கள். 8 இன்ச் நீள பிரெட் டின்னில் எண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் விரியுங்கள். பேப்பர் இல்லையென்றால் எண்ணெய்க்கு மேல் மைதா தூவித் தட்டிவிடுங்கள். சோடா ஈரத்தில் பட்டதுமே வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் கலக்கிய மாவு காத்திருக்கக் கூடாது, டின்னும் ஓவனும்தான் மாவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

2. பெரிய பாத்திரத்தில் பழத்தை ஃபோர்க்கால் மசியுங்கள். மிக்ஸி தேவையில்லை. அங்கங்கே சின்னச் சின்னத் துண்டு இருந்தால் கடிக்கும்போது நன்றாக இருக்கும்.

3. அதில் சர்க்கரை, எண்ணெய், முட்டை, தயிர் சேர்த்துக் கலக்குங்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், தப்பில்லை.

4. மைதா, சோடா, உப்பு, ஏலக்காய்த்தூளை ஒன்றாகச் சலித்து இதில் கொட்டுங்கள். இனிமேல்தான் கவனம் தேவை. கரண்டியை அடியில் விட்டு மேலே மடக்கி மடக்கிக் கலக்குங்கள். 15, 20 மடக்குக்குள் உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்துவிடும். அதோடு நிறுத்துங்கள். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது சரியாகிவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மைதாவில் ஈரம் பட்டுக் கிண்டக் கிண்ட குளூட்டன் உருவாகும். பரோட்டா மாவை அடித்துப் பிசைவது அந்த இழுவைக்காகத்தான். பரோட்டாவுக்கு அது வரம், பனானா பிரெட்டுக்கு சாபம். ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

5. நட்ஸ் போடுவதாக இருந்தால் ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டிக் கடைசியில் சேருங்கள். அடியில் போய்த் தங்குவது குறையும்.

6. டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஓவனில் வைத்து 50 முதல் 60 நிமிடங்கள் வரை வேகவிடுங்கள். முதல் 35 நிமிடங்களுக்குக் கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

7. நடுவில் பல்குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். ஒன்றிரண்டு துகள் ஒட்டி வந்தால் ரெடி. குத்தும்போது பழத்துண்டில் மாட்டினால் ஏமாற்றும், அதனால் இரண்டு இடங்களில் குத்துங்கள்.

8. டின்னிலேயே 10 நிமிடங்கள் விட்டு, பிறகு கம்பி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். முழுசாக ஆறிய பிறகே கத்தி. சூட்டோடு வெட்டினால் பிசுபிசுவென்று உதிரும். ஒரு ராத்திரி மூடி வைத்து மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள். ஈரம் எங்கும் ஒரே சீராகப் பரவி, ருசி இன்னும் கூடியிருக்கும்.

ஓவன் இல்லையா? குக்கர் இருக்கே!

5 லிட்டர் குக்கரோ, கனமான மூடியுள்ள பழைய பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேற்றுவதால் அடி நிறம் மாறலாம். எனவே தினமும் சமைக்கும் புதுக் குக்கர் வேண்டாம். அடியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வையுங்கள். மூடியிலிருந்து காஸ்கெட், வெயிட் இரண்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

மிதமான தீயில் 10 நிமிடங்கள் சூடாக்கி, 7 இன்ச் வட்ட கேக் டின்னில் மாவை ஊற்றி உள்ளே வையுங்கள். டின் குக்கரின் சுவரைத் தொடாமல் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். 45 நிமிடங்கள் கழித்துக் குத்திப் பாருங்கள். அடுப்பைப் பொறுத்து இன்னும் 10, 15 நிமிடங்கள் ஆகலாம். மேல்புறம் ஓவனில் வருவது மாதிரி சிவக்காது, ருசியில் குறை இருக்காது. அந்த உப்பை ஆறவைத்து எடுத்து வைத்தால், அடுத்தடுத்த பேக்கிங்குக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சாம்பாரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷன் மோடில்தான் செய்ய வேண்டும். வெறும் மைக்ரோவேவ் மோடில் வேகும், சிவக்காது. அந்த மோடில் உலோக டின் வைக்கவே கூடாது.

முட்டை இல்லாமல்... மைதா இல்லாமல்...

முட்டை வேண்டாம் என்றால்: முட்டையை விட்டுவிட்டு, தயிரைக் கால் கப்பிலிருந்து அரை கப்பாக ஆக்குங்கள். கொஞ்சம் அடர்த்தியாக வரும், ஆனால் மெத்தென்று இருக்கும்.

கோதுமை மாவு: முதல் தடவை பாதி மைதா, பாதி கோதுமை என்று போடுங்கள். நம் சப்பாத்தி மாவு ஈரத்தை நிறைய இழுக்கும். முழுக்கக் கோதுமை என்றால் இரண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

வெண்ணெய்: எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய வெண்ணெய் சேர்த்தால் மணம் அதிகம். எண்ணெயில் செய்தது ஃபிரிட்ஜில் வைத்தாலும் இறுகாமல் சாஃப்ட்டாக இருக்கும்.

சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர்: இரண்டும் ஒன்றல்ல. பவுடரில் புளிப்புத் தன்மையுள்ள பொருள் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் வீரியம் குறைவு. ஒரு டீஸ்பூன் சோடாவுக்கு மூன்று டீஸ்பூன் பவுடர் என்பது கணக்கு. நிறம் கொஞ்சம் வெளிறி வரும்.

எங்கே சொதப்பியது?

நடுவில் குழி விழுந்துவிட்டதா? வேகும் முன்பே எடுத்திருக்கலாம், பாதியில் கதவைத் திறந்திருக்கலாம், அல்லது சோடா கூடியிருக்கும்.

அடியில் களி மாதிரி ஒரு லேயரா? பழம் 300 கிராமைத் தாண்டியிருக்கும். `பழம் மிச்சமிருக்கே' என்று இன்னும் இரண்டு சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

மேலே கருகி, உள்ளே வேகவில்லையா? சூடு அதிகம். அடுத்த முறை 40-வது நிமிடத்தில் அலுமினியம் ஃபாயிலால் மேலே லேசாக மூடிவிடுங்கள்.

வறவறவென்று இருக்கிறதா? மாவு கூடிவிட்டது, அல்லது நேரம் கூடிவிட்டது. இதைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்லைஸ் போட்டு, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிச் சாப்பிடுங்கள்.

`பழம்தானே... ஹெல்த்திதானே?'

இந்தக் கேள்விக்கு நேரான பதில் வேண்டும். ஏனென்றால் `பழத்தில் செய்தது, நாட்டுச் சர்க்கரைதான் போட்டிருக்கு' என்று சொல்லி, வீட்டில் சுகர் இருக்கும் அப்பாவுக்கோ பாட்டிக்கோ இரண்டு ஸ்லைஸ் எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

மேலே உள்ள அளவில் நட்ஸோடு செய்தால், பத்தில் ஒரு ஸ்லைஸ் சுமார் 250 கலோரி. அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் 10 கிராம். போதாததற்கு, பழத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் வரை காத்திருந்துதான் பேக் செய்திருக்கிறோம். கூடவே மைதாவும் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என எதைப் போட்டாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மணமும் நிறமும்தான் மாறும்.

அதற்காக இதை வில்லனாக்க வேண்டாம். கடைக் கேக்கில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, இதில் எல்லாம் நம் கை அளவு. நன்கு கனிந்த பழம் என்றால் சர்க்கரையை 75 கிராமாகக் குறைத்தாலும் ருசி கெடாது. இதை டயட் ஃபுட் என்று நினைக்காமல் கேக் என்று நினைத்து, மாலை டீயோடு ஒரு ஸ்லைஸ் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் தாங்கும்?

ஈரம் அதிகம் உள்ள பண்டம், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வெளியில் காற்றுப்புகாத டப்பாவில் ஒன்று, இரண்டு நாள். ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள். ஸ்லைஸ் போட்டுத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம். காலையில் ஒன்றை எடுத்துத் தோசைக்கல்லில் சூடுபடுத்தினால், புதுசாகச் சுட்டது மாதிரியே மணக்கும்.

இந்த வாரம் பழக்கடையில் ஒரு வேலை செய்யுங்கள். தோலில் புள்ளி விழுந்தது என்று பல பேர் வேண்டாமென ஒதுக்கிய சீப்பைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விலை குறைத்துத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவசரப்படாமல் இன்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது சரியான பதத்துக்கு வந்திருக்கும்!